அப்பத்தாவின் கண்ணும் கார்த்திகைக் கவாத்தும்

திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊர். அங்கே 60 சென்ட்டில் மல்லி போட்டிருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றியது இந்த ஆய்வு. வீட்டில் அப்பத்தா, வயது 68. மூத்த மகன், மருமகள், கல்லூரிக்குப் போகும் பேரன், பத்தாவது படிக்கும் பேத்தி. இளைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகளைப் பேரையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஊர் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாக முற்றியிருந்தது. சித்திரை மாதம் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும் என்று சொன்னார்கள். ஆபரேஷன் இலவசம். மதுரைக்குப் போக பஸ், அங்கே தங்க இடம், சாப்பாடு, சொட்டு மருந்து எல்லாமே இலவசம். "அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றார் அப்பத்தா. ஆடியில் மறுபடி முகாம் வந்தது, அப்போதும் அதே பதில். ஐப்பசியிலும் அதேதான். கடைசியில் தை மாதம்தான் போனார்.

மதுரைப் பக்கம் சுகாதாரக் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் நான் இருக்கிறேன். இந்தக் குடும்பத்தை எனக்குக் காட்டியவர் அந்தச் சுற்று ஊர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் பணியாளர். அவர் கேட்டது இதுதான்: "விவரம் எல்லாம் அவங்களுக்குத் தெரியும். காசு செலவில்ல. வீட்டுல யாரும் வேணாம்னு சொல்லல. அப்புறம் ஏன் சித்திரையிலருந்து தை வரைக்கும் ஆச்சு?" நல்ல கேள்வி. வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினோம். அப்பத்தாவிடம் பேசும்போது வேறு யாரும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டோம்.

ஆளுக்கொரு கணக்கு

அப்பத்தாவின் முதல் பதில் எல்லாரும் கேட்டிருக்கக்கூடியதுதான். "எனக்கு என்ன, போற வயசு. இருக்குற பார்வை போதும்." கொஞ்ச நேரம் போன பிறகு வேறு பேச்சு வந்தது. அவருடைய அக்காவுக்கு 1980களில் ஒரு முகாமில் புரை எடுத்தார்கள். கண்ணைக் கட்டிப்போட்டுப் பல நாள் ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி ஒருநாள் வரப்பில் விழுந்து உடைந்துபோய், புதுசு வாங்கும்வரை அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறார்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அக்காலத்து ஆபரேஷன் அப்படித்தான் இருந்தது. புரை விழுந்த லென்ஸை முழுசாக எடுத்துவிடுவார்கள், உள்ளே வேறு லென்ஸ் வைக்க மாட்டார்கள். கண்ணுக்குள் இருக்க வேண்டிய லென்ஸின் வேலையை அந்தக் கனமான கண்ணாடிதான் செய்தது. உள்விழி லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தவரை அதன் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. 1992இல் மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கி இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. இப்போது சிறிய கீறல், கொஞ்ச நேர வேலை, பெரும்பாலும் தையல்கூடக் கிடையாது. ஆனால் அப்பத்தா கண்ணால் பார்த்த ஒரே ஆபரேஷன் அக்காவுடையது. அவர் பயம் உண்மையிலிருந்து வந்தது. அந்த உண்மை பழசாகிவிட்டது, அவ்வளவுதான். "பயப்படாதீங்க" என்று மூன்று முகாமிலும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "உங்க அக்காவுக்குச் செஞ்சது வேற, இது வேற" என்று ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் அக்காவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொரு கணக்கும் அவரிடம் இருந்தது. ஆபரேஷன் முடிந்தால் சில வாரம் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, அடுப்புப் புகையில் நிற்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. விடிகாலையில் மகனும் மருமகளும் பூப்பறிக்கப் போனால் வீட்டில் உலை வைப்பது, ஆட்டுக்குத் தண்ணி காட்டுவது, பேத்தியைக் கிளப்புவது எல்லாம் அப்பத்தாதான். பார்வை மங்கினாலும் கை பழகிய வேலைகள். அவர் படுத்துவிட்டால் அந்த வேலை யார் தலையில் விழும் என்பது அவருக்குத் தெரியும்.

மகனிடம் கேட்டால், "அம்மா வேணாம்னு சொல்லுது, நான் என்ன பண்ண" என்றார். தாய்மேல் பாசமில்லாதவர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. சித்திரை, வைகாசியில் மல்லி கொட்டும். இருட்டோடு எழுந்து மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். தாமதமானால் பூ விரியும், விலை இறங்கும். கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருக்கிறார், பூ அங்கேதான் போயாக வேண்டும். பேரனுக்குக் கல்லூரிக் கட்டணம் வேறு. முகாமில் கொடுத்த சீட்டு அவர் சட்டைப்பையிலேயே கிடந்து, துவைக்கும்போது நைந்துபோனது.

பணநெருக்கடியில் இருக்கும்போது மனசு எப்படி வேலை செய்கிறது என்று நம் தமிழ்நாட்டிலேயே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன் ஒருமுறை, பணம் கைக்கு வந்த பின் ஒருமுறை சில யோசனைத் தேர்வுகளை வைத்துப் பார்த்தார்கள். 2013இல் அது வெளியானது. அதே ஆள், அதே தேர்வு. ஆனால் அறுவடைக்கு முன்னால் தேர்வில் பின்தங்கினார்கள். நெருக்கடி மனசின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது, மிச்சத்தை வைத்துத்தான் மற்றதை யோசிக்க வேண்டியிருக்கிறது. சித்திரையில் இந்த மகனிடம் "அம்மா கண்ணைப் பற்றி முடிவெடு" என்று கேட்பதும் அப்படித்தான்.

திருப்பூர் தம்பி போனில் சொன்னது: "ஓசியில பண்ணா நல்லா பாப்பாங்களா? தீபாவளிக்கு வந்து நானே பிரைவேட்ல காட்டுறேன்." தீபாவளிக்கு வந்தார், இரண்டு நாளில் திரும்ப வேண்டியிருந்தது, போய்விட்டார். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் ஐப்பசி முகாம் தானாகவே கழிந்துவிட்டது. இதைவிட நல்லது ஒன்று வரப்போகிறது என்றால் கையில் இருப்பதை யார் எடுப்பார்கள்? பேரையூர் மகள், "எங்க வீட்டுல வச்சு நான் பாத்துக்கிறேன்" என்று மனசாரச் சொன்னார். இரண்டு ஆம்பிளைப் பிள்ளை இருக்க, மகள் வீட்டில் போய்ப் படுத்தார் என்ற பேச்சு வருமே என்று அப்பத்தாவே அதைத் தட்டிவிட்டார்.

இந்த வீட்டில் நான் அதிக நேரம் பேசியது மருமகளிடம். அப்பத்தாவின் நிலைமை அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. சோற்றில் கல் வருவதும், வாசற்படியில் கால் தடுமாறுவதும், சில்லறையை விரலால் தடவித்தான் எண்ணுகிறார் என்பதும் அவருக்குத் தெரியும். அவரே முகாம் தேதியையும் வீட்டில் சொல்லியிருக்கிறார். ஆனால் "போங்க அத்தை" என்று மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நான் சொல்லிப் போய், நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் தலையிலதாண்ணே விடியும். மருமக புடிச்சுத் தள்ளிவிட்டான்னு ஊரே சொல்லும். சும்மா இருந்தா யாரும் என்னைக் கேக்க மாட்டாக."

இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த ஆக முக்கியமான வாக்கியம் இதுதான். செய்து வரும் கெடுதலுக்குப் பழி உண்டு, செய்யாமல் விட்டு வரும் கெடுதலுக்குப் பழி இல்லை. அப்பத்தா மெல்ல மெல்லப் பார்வை இழந்தால் அது வயசு, விதி. ஆபரேஷனில் ஒரு கோளாறு என்றால் அதற்கு ஒரு ஆள் இருக்கிறார். குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது பற்றி ரிட்டோவ், பாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்விலும் இதே தயக்கத்தைப் பார்க்கலாம். நோயால் வரும் ஆபத்தைவிட ஊசியால் வரும் ஆபத்து குறைவு என்று சொன்ன பிறகும் பலர் ஊசி போடத் தயங்கினார்கள். அந்த ஆபத்து தங்கள் கையால் வந்ததாகிவிடுமே என்ற நினைப்பு.

ஆக, அந்த வீட்டில் ஐந்து பெரியவர்களும் அப்பத்தாவுக்குப் பார்வை வர வேண்டும் என்றே விரும்பினார்கள். யாரும் "வேண்டாம்" என்று முடிவெடுக்கவில்லை. "போகலாம்" என்பதைத் தன் முடிவாக ஏற்கத்தான் ஆள் இல்லை. மகன் தாய்மேல் போட்டார், தாய் வயசின்மேல் போட்டார், தம்பி தீபாவளிமேல் போட்டார். மருமகள் வாய் திறக்காமல் இருந்தார்.

இலவசம் என்றால் வந்துவிடுவார்களா

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, தன் 58ஆவது வயதில், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமம் கிராமமாக முகாம் நடத்தியதில் ஆரம்பத்திலேயே ஒன்று புரிந்தது. ஆபரேஷனுக்குக் காசு வேண்டாம் என்று அறிவித்தாலும், வரச்சொன்னவர்களில் பலர் வருவதில்லை. பஸ் செலவு, சாப்பாடு, கூட வருபவரின் கூலி, திரும்பி வரும் வழி எல்லாம் அந்தக் குடும்பத்தின் கணக்கில் இருக்கின்றன. அதற்கப்புறம்தான் முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது என்ற ஏற்பாடு வந்தது. புரை ஆபரேஷனுக்கு ஆட்களை வரவைக்க எட்டு விதமான வழிகளைத் தென்னிந்தியக் கிராமங்களில் ஒப்பிட்டுப் பார்த்து 1991இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: பாதிச் செலவை ஏற்பதைவிட முழுச் செலவையும் ஏற்கும்போது சம்மதிப்பவர்கள் கூடினார்கள்.

அதுவும் போதவில்லை. 1999இல் வெளியான இன்னொரு ஆய்வு, முகாம் நடக்கும் கிராமங்களில் கண்கோளாறு இருந்தும் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர்தான் என்றது. வராததற்குச் சொன்ன காரணங்களைப் படித்தால் நம் அப்பத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது மாதிரி இருக்கும்: பயம், செலவு, குடும்பப் பொறுப்பு, வயசாகிவிட்டது என்ற எண்ணம், இருக்கிற பார்வையை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. முகாமை இன்னும் பெரிதாக நடத்துவது என்று அரவிந்த் மருத்துவமனைக்காரர்கள் போயிருக்கலாம். அதோடு நிற்காமல், 2004 முதல் சின்னச் சின்ன ஊர்களில் நிரந்தரமான பார்வை மையங்களைத் திறந்தார்கள். எப்போதோ ஒரு நாள் வந்து போகும் முகாமில் "இன்னிக்கு வேணாம்" என்றால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. பக்கத்து ஊரில் எப்போதும் திறந்திருக்கும் மையத்தில், பூப்பறிப்பு முடிந்த பிறகு போகலாம். நிர்வாகம் படிப்பவர்கள் அரவிந்தின் வேகத்தையும் எண்ணிக்கையையும் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். வராத 93 பேரைப் பற்றி யோசித்ததுதான் பெரிய நிர்வாக முடிவு என்று எனக்குப் படுகிறது.

அதே மகன், அதே கார்த்திகை

இனி மறுபக்கம். இதே வீட்டில் ஒவ்வொரு வருடமும் இதைவிடக் கடினமான ஒரு முடிவு துளி யோசனை இல்லாமல் எடுக்கப்படுகிறது.

கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரத்தில், மல்லிக்குக் கவாத்து. தரையிலிருந்து முழங்கால் அளவுக்குச் செடியை விட்டுவிட்டு மற்றதை வெட்டித் தள்ளிவிடுவார்கள். வெட்டிய செடியில் மாசி, பங்குனி வரை பூ இருக்காது. அந்த இடைப்பட்ட மார்கழி, தையில்தான் மல்லி விலை ஏறும். கோடையில் கிலோ சில நூறுக்கு விற்கிற பூ அப்போது ஆயிரங்களில் போகும். அந்த விலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செடியை மொட்டையாக விட்டிருக்க வேண்டும். இன்றைய இழப்பு நிச்சயம், நாளைய லாபம் மழையையும் பூச்சியையும் மார்க்கெட்டையும் பொறுத்தது. ஆபரேஷனுக்கும் இதற்கும் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. இப்போது கொஞ்சம் வெட்டு, கொஞ்ச நாள் முடக்கம், பிறகு பலன். சொல்லப்போனால் கண்புரையில் பலன் இன்னும் உறுதியானது.

"கவாத்து வெட்டுறதுக்கு யார் முடிவு பண்றது?" என்று மகனைக் கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அதை என்னத்த முடிவு பண்றது? கார்த்திகை வந்தா வெட்டணும்."

இதை அவரோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோது நான்கு விஷயம் கிடைத்தது. கவாத்துக்கு ஒரு வாரம் குறிக்கப்பட்டிருக்கிறது, அது தானாக வந்து வாசலில் நிற்கிறது. வெட்டாமல் விட்ட செடி என்ன ஆகும் என்பதை எல்லாரும் பக்கத்துத் தோட்டத்தில் பார்த்திருக்கிறார்கள், அதாவது செய்யாமல் விடுவதன் நஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது. வெட்டுகிற ஆட்கள் தோட்டம் தோட்டமாக வருகிறார்கள், தேடிப் போக வேண்டியதில்லை. எல்லாரும் வெட்டுவதால், மகசூல் கெட்டாலும் "உன்னால்தான்" என்று யாரும் கைகாட்ட மாட்டார்கள். கடைசியில் சொன்னது என் கணக்கில் மற்ற மூன்றையும்விடப் பெரியது.

மனிதர்கள் எல்லாத் தகவலையும் அலசி ஆக நல்லதைத் தேர்ந்தெடுப்பதில்லை, போதும் என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள் என்று ஹெர்பர்ட் சைமன் 1950களிலேயே எழுதினார். 1978இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. அது நிறுவனங்களைப் பார்த்து வந்த சிந்தனை. குடும்பத்தில் அதோடு இன்னொன்றும் சேர்கிறது: எது நல்லது என்பதற்கு முன்னால், எது நடந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை எல்லாரும் யோசிக்கிறார்கள்.

தையில் என்ன மாறியது

முதலில், பக்கத்துத் தெருவில் அப்பத்தாவுக்குச் சம்பந்தி முறை வரும் ஒரு அம்மா மார்கழி பிறக்கும் முன்பே ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார். சில நாளில் திண்ணையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். அப்பத்தா அதைப் போய்ப் பார்த்தார், இரண்டு தடவை கோக்கச் சொல்லிப் பார்த்தார். சோடாபுட்டி எங்கே என்று கேட்டார். அக்காவின் நினைவு அன்றைக்குத்தான் கொஞ்சம் தளர்ந்தது.

இரண்டாவது, நம் பணியாளர் கேள்வியை மாற்றினார். "ஆபரேஷன் பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். கவாத்து முடிந்து கை ஓய்ந்திருந்த நேரம் பார்த்து வந்து, முதலில் அப்பத்தாவிடம் மட்டும், "கண்ணு நல்லா தெரிஞ்சா என்ன பாக்கணும்னு ஆசை அப்பத்தா?" என்றார். மாசி சிவராத்திரிக்குக் குலசாமியைப் பார்க்க வேண்டும் என்று முதலில் வந்தது. அப்புறம், குரலைத் தாழ்த்தி: "நான் புடைச்ச அரிசியை எம் மருமக எனக்குத் தெரியாம மறுபடி புடைக்கிறா. எனக்குத் தெரியும்டி." பிறகுதான் பணியாளர் மகனிடம் போனார். "அண்ணே, பொங்கல் கழிஞ்ச வாரமா, அதுக்கு அடுத்த வாரமா? கூட யாரு வர்றா?"

மூன்றாவதுதான் கதவைத் திறந்தது. கூட வருவது யார் என்ற பேச்சில் அப்பத்தாவின் தம்பி, அதாவது மகனுக்குத் தாய்மாமன், வந்து சேர்ந்தார். விஷயம் முழுசும் கேட்டுவிட்டு, "நான் சொல்றேன், கூட்டிட்டுப் போங்க. நல்லது கெட்டது எதுன்னாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். மருமகள் முகம் அப்போதே தெளிந்தது என்று பணியாளர் சொல்கிறார். அன்று மாலையே அப்பத்தாவின் துணிப்பையை எடுத்துவைத்தது மருமகள்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். தாய்மாமன் வார்த்தை எதற்கும் பயன்படும். விரும்பாத பெண்ணைக் கட்டிக்கொடுக்கவும் அதே வார்த்தை பயன்பட்டிருக்கிறது. அதனால்தான் அப்பத்தாவிடம் தனியாகக் கேட்ட அந்தப் பேச்சு முதலில் நடந்தது பெரிய விஷயம். அவருக்குப் பார்க்க ஆசை இருந்தது என்று தெரிந்த பிறகே மற்றவர்களிடம் பேச்சு போனது. இந்த வரிசை மாறினால் அது உதவியாக இருக்காது, வற்புறுத்தலாகிவிடும். பயிற்சியில் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதல் வாரம் பேரையூர் மகள் இங்கேயே வந்து தங்கிச் சமைத்தார். மகள் வீட்டில் தாய் போய்த் தங்குவதுதான் பேச்சாகும், தாய் வீட்டில் மகள் வந்து தங்கினால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஏற்பாட்டை ஒரு சுற்றுத் திருப்பிப் போட்டதில் பல மாதத் தயக்கம் தீர்ந்தது. திருப்பூர் தம்பி சொட்டு மருந்து வேளைக்குப் போன் செய்து ஞாபகப்படுத்தினார். அவருக்கும் ஒரு வேலை தேவைப்பட்டிருக்கிறது.

பதிவேட்டில் ஒரு கட்டம்

இதற்கப்புறம் நாங்கள் செய்த மாற்றம் சின்னது. களப்பணியாளர் பதிவேட்டில் "சம்மதிக்கவில்லை" என்று ஒரு கட்டம் உண்டு. அப்பத்தா பெயருக்கு நேரே மூன்று தடவை அங்கே டிக் இருந்தது. அந்த டிக் விழுந்ததும் மேலதிகாரியும் கேள்வி கேட்பதில்லை, பணியாளருக்கும் வேலை முடிந்துவிடுகிறது. இப்போது அந்தக் கட்டத்துக்குப் பதில் மூன்று கேள்வி: எந்த மாதம் வீட்டில் கை ஓயும், கூட வருவது யார், கெட்டது நடந்தால் யாரைக் குறை சொல்வார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மூன்றாவது கேள்வியை நேராகக் கேட்க முடியாது. பேசிப் பேசித்தான் எடுக்க வேண்டும். பணியாளருக்கு அதற்கு நேரம் வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று இலக்கு வைத்துவிட்டு இதைக் கேள் என்றால் நடக்காது. இலக்கைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை. அலுவலகத்திலும் குறைத்ததற்குப் பதில் சொல்லப் போவது யார் என்ற கேள்விதான் நிற்கிறது.

அப்பத்தாவின் இடது கண் மீதி இருக்கிறது. அதைக் கவாத்து முடிந்த வாரம் என்று மகனே குறித்துவிட்டார். ஆனால் அந்த மகனுக்கே இப்போது ஒரு சீட்டு வந்திருக்கிறது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்த்த தன்னார்வலர், சர்க்கரை கூடுதலாக இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வந்து முழுசாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால் விழித்திரை கெடும். புரை மாதிரி லென்ஸ் மாற்றிச் சரிசெய்கிற சேதம் இல்லை அது. அவரோ "பூ கொறையட்டும் பாத்துக்கலாம்" என்கிறார். இந்தத் தடவை மருமகள் சும்மா இருக்கவில்லை. தாய்மாமனுக்கு அவரே போன் போட்டிருக்கிறார். மாமன் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.